உப்புப் பார்க்காத குழம்பு

ஓய்வெடுக்க வந்தவர்களுக்கு அந்த இடம் சொர்க்கம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருத்துறைப்பூண்டியைத் தாண்டித் தெற்கே போகப் போக வயல்கள் குறைந்து கருவைக்காடு தொடங்கும். அந்தக் காட்டுக்கு நடுவில் நாரைக்கட்டு ஏரி. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை அது. அதற்கப்புறம் உப்பளமும் அலையாத்திக் காடும் கடலும்தான். ஏரிக்கரையில் வரிசையாகக் குடில்கள், மேலே பனையோலை, உள்ளே ஏசி. கட்டிலில் படுத்தபடியே நாரை பார்க்கலாம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தச் சாப்பாட்டுக்காகவே திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் குடும்பத்தோடு கிளம்பி வருகிறார்கள்.

ஆர்த்தி சாப்பிடவும் வரவில்லை, நாரை பார்க்கவும் வரவில்லை. தம்பியைத் தேடி வந்தாள்.

தம்பி திருமுருகன் அந்த ரெசார்ட்டில் படகு ஓட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவுக்குப் போன் போடுவான். ஐப்பசியில் ஒரு பெரிய மழை பெய்தது. அதோடு போன் நின்றுபோனது. அம்மா நீலாயதாட்சி மீன்கூடையை வீட்டில் போட்டுவிட்டு பஸ் மாறி பஸ் மாறி வந்து இங்கே கேட்டில் நின்றாள். வாட்ச்மேன் மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்து, உங்கள் மகன் மங்களூருக்குப் போய்விட்டான் என்று சொல்லி அனுப்பிவிட்டான். போலீஸ் ஸ்டேஷனில் டீ கூடக் கிடைக்கவில்லை. வயசுப் பையன், எங்கேயாவது சுற்றிவிட்டு வருவான் என்றார்கள்.

அதிராம்பட்டினத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய புன்னையடித் தெருவில் பிறந்தவள் ஆர்த்தி. நன்னிலம் பக்கத்து வயற்காட்டுக் குடும்பத்தில் பிறந்த பரிதியைக் கட்டிக்கொண்டாள். அவன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு அவனை வாத்தியாராக்கியவர்கள். அந்தக் கல்யாணத்துக்குத் தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்டது, பெற்றவள் உட்பட. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டவன் தம்பி ஒருவன்தான். பிறகு அம்மாவிடம் பேசிப் பேசி, கல்லைக் கரைப்பதுபோலக் கரைத்து, தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு வந்து அக்கா வீட்டு வாசலில் நிறுத்தியவனும் அவன்தான். அப்படிப்பட்டவன் ஒரு வார்த்தை சொல்லாமல் மங்களூருக்குப் போவானா என்ன? போகமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், போயிருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டாள்.

விருந்தாளியாகப் போகலாம் என்பது பரிதியின் யோசனை. வெளியே நின்று கேட்டால் வாட்ச்மேன் பதில் சொல்லுவான், உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டால் முதலாளியே வந்து பதில் சொல்லுவார் என்றான். தன் பேரில் குடில் பிடித்தான். சனிக்கிழமை காலையில் வந்து இறங்கினார்கள்.

முதலாளி துரைராசு வாசலுக்கே வந்து கும்பிட்டு வரவேற்றார். வெள்ளைச் சட்டை, விபூதி, வாய் நிறையச் சிரிப்பு. கையில் நன்னாரி சர்பத்தைக் கொடுத்து, கூடவே நடந்து, இது மீன்கொத்தி, அது அரிவாள்மூக்கன் என்று காட்டினார். ஏரி விளிம்பு வரை தண்ணீர் நிற்பதைப் பெருமையாகக் காட்டினார். படகுகள் மட்டும் கரையில் குப்புறக் கிடந்தன. கொஞ்சம் ரிப்பேர் என்றார்.

ஒரு படகுக்கு அடியில் உட்கார்ந்து தார் பூசிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். காயாரோகணம். புன்னையடித் தெருக்காரர், அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, முருகனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். ஆர்த்தியைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது. ஆனால் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. துரைராசு போன் பேசத் தள்ளிப் போன பிறகுதான் கிட்டே வந்தார்.

"எதுக்கும்மா இங்க வந்தே?"

"முருகன் எங்க மாமா?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு போன் பேசிக்கொண்டிருந்த முதலாளியைப் பார்த்தார். கொச்சிக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள் என்றார். போய்விட்டான் என்று சொல்லவில்லை, சொல்கிறார்கள் என்றார். அம்மாவிடம் மங்களூர் என்றார்களே என்று ஆர்த்தி கேட்பதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மத்தியானம் மீனு வேணாம்மா. கீரை சொல்லிக்க. கீரை நல்லா இருக்கும்."

ஆர்த்திக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. கடற்கரையில் பிறந்து கடற்கரையில் வளர்ந்த மனிதர் கீரை தின்னச் சொல்கிறார், உலகம் எங்கே போகிறது! வயதாகி வயிறு கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதோடு அந்தப் பேச்சை மறந்தும் போனாள்.

மத்தியானம் தலைவாழை இலை போட்டார்கள். சீரகச் சம்பாச் சோறு, மண்சட்டியோடு கொண்டுவந்து வைத்த விரால் குழம்பு, பக்கத்தில் முருங்கைப்பூப் பொரியல். விரால் அந்த ஏரியிலேயே விடியற்காலையில் பிடித்தது என்றார்கள். சாப்பிடக்கூடாது என்றெல்லாம் ஆர்த்தி நினைத்து வரவில்லை. கவலையில் சோறு இறங்காது என்றுதான் நினைத்து வந்தாள். முதல் வாய் வைத்ததும் அந்த நினைப்பு பறந்துவிட்டது. பசி ருசி அறியாது என்பார்கள். ருசிக்கு மட்டும் கவலை தெரியுமா? மாங்காய் போட்டுச் சுண்டவைத்த அந்தக் குழம்பை அவள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள்.

துரைராசு இலைக்குப் பக்கத்தில் நின்று, இன்னொரு துண்டு போடுங்க, மேடம் கூச்சப்படுறாங்க என்று பரிமாறுகிறவரை விரட்டிக்கொண்டிருந்தார். ஆர்த்தி சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். முன்னே இங்கே வந்துபோன சிநேகிதி ஒருத்தி, முருகன் என்று ஒரு பையன் அருமையாகப் படகு ஓட்டுவான் என்று சொன்னாளே, அவன் இல்லையா என்றாள்.

"நல்ல பையன் மேடம். கொச்சியில பெரிய போட்டுல வேலை கெடச்சுது, போயிட்டான். இருந்தான்னா உங்களுக்கு ஏரியையே சுத்திக் காட்டியிருப்பான்."

சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. சொன்ன பிறகும் போகாமல் நின்று, அவளையும் பரிதியையும் மாறி மாறிப் பார்த்தார். சிநேகிதியின் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டார். ஆர்த்தி வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னாள்.

அதற்கப்புறம் உபசாரம் கூடிப்போனது. தண்ணீர் ஓரம் கொசு அதிகம் என்று சொல்லி, கேட்காமலே அவர்களைக் காட்டுப் பக்கமிருந்த பெரிய குடிலுக்கு மாற்றினார்கள். கூடை நிறையப் பழம் வந்தது. எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று ஒரு ஆள் குடில் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். கரும்பு தின்னக் கூலியா என்று பரிதி முதலில் சிரித்தான். சாயங்காலம் இரண்டு பேரும் கரையில் நடக்கப் போனபோது அந்த ஆளும் எழுந்து பின்னாலேயே வந்தான். அப்போது பரிதி சிரிக்கவில்லை.

ஏரியின் கிழக்குக் கோடியில் பழைய மதகு இருந்தது. தண்ணீரை வெளியே விடுகிற கல்மதகு. அதன் இரும்புப் பலகையை அடிவரை இறக்கி, அதுவும் போதாதென்று வாயில் மணல் மூட்டை அடுக்கி, மேலே புதுமண் கொட்டியிருந்தார்கள். கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. ஐப்பசியில் கொட்டிய மழை கார்த்திகையில் ஏமாற்றிவிட்டது. வயலில் சம்பாப் பயிர் தூர் கட்டுகிற நேரம். இலை நுனியெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பரிதிக்கு ஆத்திரம் வந்தது. எத்தனை வாத்தியார் வேலை பார்த்தாலும் பயிர் வாடினால் அவனுக்குப் பொறுக்காது.

"எங்கப்பா இருந்திருந்தா இந்த மதகைக் கடப்பாரையால பேத்திருப்பாரு" என்றான்.

ஏரி நிறைந்திருந்தால்தானே விருந்தாளிகளுக்கு அழகு, அதற்காகத்தான் என்று பின்னால் வந்த ஆள் சொன்னான். அடுத்த மூச்சிலேயே, அந்தப் பக்கம் போகாதீங்க சார், பாம்பு இருக்கு என்றான். பாம்புக்குப் பயப்படுகிறவனைப்போல அவன் தரையைப் பார்க்கவில்லை, மதகைத்தான் பார்த்தான். ஆர்த்தி பரிதியின் கையைப் பிடித்து இழுத்தாள். திரும்பிவிடலாம் என்றாள்.

இருட்டுவதற்கு முன்பே சாப்பாடு வந்துவிட்டது. கெண்டை வறுவல், மொறுமொறுவென்று. அவள் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டாள், ஆனாலும் சாப்பிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பரிதி முதலாளியிடம் மதகைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான். வாசலில் இருந்த ஆளும் அங்கேதான் நின்றான். அந்த நேரம் பார்த்து ஆர்த்தி வெந்நீர் கேட்கிற சாக்கில் சமையற்கட்டுக்குள் போனாள். படகுக்காரர்கள் வாய் திறக்காவிட்டாலும் சமையற்கட்டில் யாராவது இரண்டு வார்த்தை உளறமாட்டார்களா என்பது அவள் கணக்கு.

சமையல்காரர் காத்தானும் கடற்கரை ஆள்தான், வேறு தெரு. அவர் கைப்பக்குவத்துக்குத்தான் அந்த ரெசார்ட்டின் பேரே. பெரிய சட்டியில் விரால் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. காத்தான் கரண்டியால் கலக்கினார், முகர்ந்து பார்த்தார், நிறம் பார்த்தார். பிறகு பாத்திரம் கழுவுகிற ஒடிசாக்காரரைக் கூப்பிட்டு அவர் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டார். அவர் நக்கிப் பார்த்துவிட்டு, உப்பு கம்மி என்று சைகை காட்டினார். காத்தான் கல்லுப்பு கொஞ்சம் போட்டுக் கலக்கி, மறுபடியும் அவர் கையிலேயே விட்டார்.

சமைக்கிறவர் தன் குழம்புக்குத் தானே உப்புப் பார்க்காத அதிசயத்தை ஆர்த்தி எங்கேயும் கண்டதில்லை. ஏன் அண்ணே, நீங்கள் ருசி பார்க்கமாட்டீர்களா என்று விளையாட்டாகக் கேட்டாள்.

"மாலை போட்டிருக்கேம்மா" என்றார் காத்தான், அடுப்பைப் பார்த்தபடி.

கார்த்திகை மாசம்தான், பாதி ஊர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறது, நம்பலாம். ஆனால் அவர் கழுத்தில் மாலை இல்லை. சட்டைக் காலர் திறந்துதான் கிடந்தது. ஆர்த்தி அதைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பின்வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வேலைக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஒடிசாக்காரர்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்து மீனை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் படகுக்காரர்கள், வலைக்காரர்கள் எல்லாம் கடற்கரை ஆட்கள். அவர்கள் தட்டில் ரசமும் வாழைக்காயும் மட்டும்தான் இருந்தது. ஏரி மீனில் சேற்று வாடை அடிக்கும் என்று கடல்மீன் தின்று வளர்ந்தவர்கள் மூக்கைப் பிடிப்பது உண்டுதான். அவளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். அப்போது மரத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர் குழி தோண்டி, காலையில் வெட்டிய விரால் தலைகளைக் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினார்.

விரால் தலை! முருகன் போனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பானே. தினமும் தலைக்குத்தான் அடிதடி அக்கா, நேத்து காத்தான் அண்ணன் கரண்டியைத் தூக்கிட்டு வந்துட்டாரு, நாந்தான் ஜெயிச்சேன் என்பானே. அடித்துக்கொண்டு தின்றவர்கள் இன்றைக்கு அதைப் புதைக்கிறார்கள்.

வேப்பமரத்தடியில் நின்றபடியே ஆர்த்திக்கு விளங்கிவிட்டது. தெருவை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டதால் அதுவரை விளங்காமல் இருந்தது, அவ்வளவுதான். அவள் சிறுமியாக இருந்தபோது பெரியப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகு வந்தது, ஆள் வரவில்லை. உடம்பு கரை ஒதுங்குகிற வரைக்கும் அந்தத் தண்ணீரில் பிடித்த மீனைத் தெருவில் ஒருவரும் வாயில் வைக்கவில்லை. பிடித்தார்கள், விற்றார்கள், தின்னவில்லை. செத்தவனின் ரத்த உறவென்றால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. எந்தத் தண்ணீர் மீனும், கருவாடும்கூட வீட்டுக்குள் வரக்கூடாது. முருகன் அப்போது குழந்தை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அம்மா அவன் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்து, அவனையும் அடித்து, தானும் அழுதாள். உன் பெரியப்பா இன்னும் தண்ணிக்குள்ள இருக்காருடா என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே ஒரு முழு ஆளை மறைத்திருக்கிறார்கள். அந்தச் சோற்றை அவள் நேற்றிலிருந்து கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள்.

அவள் கூச்சல் போடவில்லை. சமையற்கட்டுக்குள் திரும்பிப் போய் ஒரு தட்டில் சோறு போட்டு, விரால் துண்டு ஒன்றை வைத்து, குழம்பு ஊற்றினாள். யாரும் தடுக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு நேராகப் படகுக் கொட்டகைக்கு நடந்தாள். காயாரோகணம் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார். தட்டை அவர் முன்னால் வைத்தாள். குழம்பு கொஞ்சம் மணலில் சிந்தியது.

"முருகன் கொச்சிக்குத்தான் போனான்னா, இதுல ஒரு வாய் சாப்புடுங்க மாமா. நான் ஒண்ணுமே கேக்காம ஊருக்குப் போயிடுறேன்."

அவர் தட்டைப் பார்த்தார். கையைக்கூட நீட்டினார். அந்தக் கை சோற்றைத் தொட்டுவிடவேண்டும், இவர் ஒரு வாய் தின்றுவிடவேண்டும் என்று ஆர்த்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்க்கையில் வேறு எதற்கும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. கை பாதியிலேயே நின்றது. பிறகு அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ சாப்ட்டியாம்மா?"

"நேத்துலேருந்து சாப்புடுறேன் மாமா."

அவர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். கீரை சொன்னேனே, கீரை சொன்னேனே என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். கீரை சொன்னாராம்! உள்ளதைச் சொல்ல வாய் வராதவர்களுக்கு உபவாசம் இருக்க மட்டும் வாய் வந்திருக்கிறது. ஆர்த்திக்கு அவரை அந்த இடத்திலேயே அறையத் தோன்றியது. ஆனால் கேட்கவேண்டியது பாக்கி இருந்தது. எப்படி என்று மட்டும் கேட்டாள்.

அவர் சொன்னார். அந்தப் பெரிய மழை நாளில் வெளியூரிலிருந்து வந்திருந்த மூன்று பேர் குடித்துவிட்டு, மழையில் படகில் போயே தீரவேண்டும் என்றார்கள். காற்று சரியில்லை என்று முருகன் சொன்னான். கொண்டுபோய்க் காட்டு என்றார் துரைராசு. மதகுக்குப் பக்கத்தில் படகு கவிழ்ந்தது. முருகன் இரண்டு பேரை இழுத்துவந்து கரையில் போட்டுவிட்டு, மூன்றாவது ஆளைத் தேடித் திரும்பவும் குதித்தான். அந்த மூன்றாவது ஆள் அதற்குள் தானாகவே கரையேறி, புதர் ஓரமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். மதகு திறந்திருந்தது, மழைத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அது முருகனையும் கல்லுக்கு அடியில் போகிற சுரங்கத்துக்குள் இழுத்துக்கொண்டது.

"தேடல. பலகையை எறக்கச் சொல்லிட்டாரும்மா. வாய்க்கால் வழியா வெளிய வந்தா ஊருக்குத் தெரிஞ்சுபோவும்னு. படகுக்குப் பொறுப்பு நீதான், மொதல்ல ஜெயிலுக்குப் போறவனும் நீதான்னாரு. பயந்துட்டேன். எல்லாரும் பயந்துட்டோம்." பிறகு, "வாயத் தொறக்கல. ஆனா வாயில வைக்கவும் இல்லம்மா" என்றார்.

அதுவரை பிடித்து வைத்திருந்தது அப்போதுதான் பொங்கியது. ஆர்த்தி படகைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தாள். குடலே வெளியே வந்துவிடும்போல எடுத்தாள். வரவேண்டியது எல்லாம் வந்த பிறகும் ஓங்கரிப்பு நிற்கவில்லை.

அவளைத் தேடிக்கொண்டு வந்த பரிதிக்கு எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மதகு என்று அவள் சொன்ன ஒரு சொல்லே போதுமாக இருந்தது. அடைத்து வைத்த மணல் மூட்டையும் புதுமண்ணும் அவன் கண்ணில் நேற்றிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தவைதானே. போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் நன்றாகக் கிடைக்கிற கேட் பக்கம் ஓடினான். தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டான், போலீசைக் கூப்பிட்டான், தன்னோடு படித்த வக்கீலைக் கூப்பிட்டான். வாசல் நாற்காலிக்காரன் குறுக்கே வந்து நின்றதற்கு, ஒதுங்கு என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அவன் ஒதுங்கிவிட்டான்.

துரைராசு கொட்டகைக்கு வந்தபோதும் முகத்தில் அதே சிரிப்பு இருந்தது. மணலில் இருந்த தட்டையும், தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த காயாரோகணத்தையும் பார்த்தார். ஆர்த்தியின் முகத்தில் யாருடைய ஜாடை இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் பிடிபட்டிருக்கவேண்டும். ஆனாலும் குரல் மாறவில்லை.

"மேடம், இலை போட்டாச்சு. எதுவா இருந்தாலும் உக்காந்து பேசிக்கலாம். மொதல்ல சாப்புடுங்க."

காத்தான் சமையற்கட்டிலிருந்து வெளியே வந்து, அடுப்பை அணைத்துவிட்டேன் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து காயாரோகணத்துக்குப் பின்னால் நின்றார்கள். இத்தனை நாள் நிற்காதவர்கள் இன்றைக்கு நின்றார்கள். அதற்காக அவர்களைக் கும்பிடவா முடியும்? அவள் அவர்களைத் தாண்டி ஏரி ஓரமாகப் போனாள். தண்ணீர் விளிம்பு வரை நின்றது, ஒரு சலனமும் இல்லை. நேற்று வந்தபோது அதைப் பார்த்து, எவ்வளவு அழகு என்று அவளே சொல்லியிருந்தாள்.

அம்மாவிடம் சொல்லவேண்டும். போலீஸ்காரன் வாயிலிருந்தோ டிவிக்காரன் வாயிலிருந்தோ அம்மா கேட்கக்கூடாது. கேட் வரை நடந்து போனை எடுத்தாள். என்ன சொல்வது என்று யோசித்தாள், ஒன்றும் தோன்றவில்லை. மணி அடித்த உடனேயே அம்மா எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, தம்பி போன் போடுகிற நாள். போனைக் கையிலேயே வைத்திருப்பாள்.

அம்மா அவளைப் பேசவிடவில்லை. போன இடத்தில் என்ன சொன்னார்கள், சாப்பாடு எல்லாம் எப்படி, மாப்பிள்ளைக்கு ஒத்துக்கொண்டதா என்று அடுக்கிக்கொண்டே போனாள். இன்றைக்கு நல்ல பாறை மீன் கிடைத்தது, குழம்பு வைத்திருக்கிறேன், ஒருவேளை அவன் திடீரென்று வந்து நின்றால் சோறு போடவேண்டாமா என்றாள்.

"அம்மா" என்றாள் ஆர்த்தி. "அந்தக் குழம்பை எறக்கிக் கீழ கொட்டிடும்மா. இனிமே வீட்டுல மீனு ஆக்காத."

அந்தப் பக்கம் குழம்பு கொதிப்பது மட்டும் கேட்டது. ஏன் என்று அம்மா கேட்கவில்லை, யார் என்றும் கேட்கவில்லை. அடுப்பைத் திருகி அணைக்கிற சத்தம் கேட்டது.

"எந்தத் தண்ணியிலடி இருக்கான்?" என்றாள் நீலாயதாட்சி.